படகில் வந்து இறங்குகிறவர்களின் விளையாட்டு

நீங்கள் ஒரு சின்னப் படகில் கடல் கடந்து வருகிறீர்கள். இறங்குகிற துறைமுகம் பெரிய ஊர். மொழி தெரியாது, சட்டம் தெரியாது, சொந்தக்காரர் என்று ஒருத்தரும் இல்லை. இறங்கினதுமே உங்களை வெளியாட்களுக்கென்று ஒதுக்கிய ஒரு பகுதியில் கொண்டுபோய் விடுவார்கள். அனுமதி இல்லாமல் அதைத் தாண்டி ஊருக்குள் போகக்கூடாது. பெரிய குலத்து ஆளிடம் மரியாதைக் குறைவா ஒரு வார்த்தை விட்டுட்டா கழுவேற்றம்தான். குடியுரிமை வேணுமா? யாராவது பெரிய மனிதரின் தயவைப் பிடிக்கணும். அவர் காட்டுகிற ஆபத்தான வேலையெல்லாம் செய்யணும். அதுக்கப்புறமும் உயிரோடு இருந்தா பார்க்கலாம்.

மலையகத்தில் பிறந்த யாரிடம் இதைச் சொன்னாலும், "இது எங்க பாட்டன் பூட்டன் கதையாச்சே" என்பார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, லயத்துக்குள் அடைபட்டவர்களின் கதை. ஆனால் மேலே சொன்னது 1975இல் அமெரிக்காவில் பெட்டியில் அடைத்து 25 டொலருக்கு விற்ற ஒரு விளையாட்டின் தொடக்கம். பெயர் 'எம்பயர் ஆஃப் த பெட்டல் த்ரோன்'. உருவாக்கியவர் எம். ஏ. ஆர். பார்க்கர், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசிய மொழிகள் கற்பித்த பேராசிரியர். இந்தக் கட்டுரை அவருடைய தொழில் வாழ்க்கையைப் பற்றியது. முதல் பாதியைப் படிக்கும்போது உங்களுக்கு அவரைப் பிடித்துப்போகும். அதனால்தான் இரண்டாம் பாதியையும் எழுத வேண்டியிருக்கு.

முதலில் இந்த வகை விளையாட்டு என்னவென்று சொல்லிவிடுகிறோம். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்ற ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொள்கிறார்கள். "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் ஓடிப் போகிறேன்" என்று சொல்லச் சொல்லக் கதை வளரும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடையை உருட்டிப் பார்ப்பார்கள். சில பகடைகளுக்கு இருபது முகம். அவ்வளவுதான்.

வேஷம் கட்டுவது நமக்குப் புதுசில்லை. மாசி மாசம் கம்பம் ஊன்றி, விரதம் இருந்து, நேற்றுவரை பெரட்டுக்களத்தில் நின்ற ஆளே ரதியாகவும் மன்மதனாகவும் மாறுகிற காமன் கூத்து நம்ம தோட்டங்களில்தான் நடக்குது. தப்பு அடி கேட்டதும் ஊரே அந்தக் கதைக்குள் வந்துவிடும். பார்க்கிறவர், ஆடுகிறவர் என்ற கோடுகூட அப்போது மங்கிப்போகும். ஒரு வித்தியாசம் உண்டு. காமன் எரிவான், ரதி அழுவாள் என்பது எல்லோருக்கும் தெரியும். மேசை விளையாட்டில் முடிவு யாருக்கும் தெரியாது. எழுதுகிறவர் முடிவை எழுத மாட்டார். உலகத்தையும் விதிகளையும் மட்டும்தான் எழுதுவார். யார் எங்கே நிற்கலாம், யார் யாரை அடிக்கலாம், அடித்தால் என்ன நடக்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு விலகிப் போய்விடுவார். கதாசிரியரைவிட சட்டம் எழுதுகிறவருக்கு நெருக்கமான வேலை இது.

இந்த வகையில் அச்சான முதல் விளையாட்டு 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். கைகாக்ஸ் காப்புறுதிக் கம்பனி வேலையை இழந்தபிறகு வீட்டில் சப்பாத்து தைத்துப் பிழைத்தவர். ஆயிரம் பிரதிதான் முதல் பதிப்பு. வெளிவந்த மாதம் ஜனவரி 1974 என்பார்கள்.

அதே ஜனவரி 1974இல் நமக்கு என்ன நடந்தது? சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்திரா காந்தியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்துவிட்டு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டிருந்தது. அந்த மிச்சத்தை ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். தோட்டங்களில் மாவுக்கும் அரிசிக்கும் வழியில்லாமல் சனம் பட்டினியால் செத்த காலம் அது. அங்கே மேசையில் பகடை உருண்டபோது இங்கே எண்ணிக்கைகள் உருண்டன. இது தற்செயல்தான், வேறு தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் பார்க்கரின் விளையாட்டை அந்த ஆண்டை மறந்துவிட்டு எங்களால் படிக்க முடியவில்லை.

பார்க்கர் 1929இல் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேனில் பிறந்தவர். பிறந்தபோது பெயர் பிலிப். சின்ன வயதிலேயே தனக்கென்று ஒரு கற்பனை உலகத்தை வைத்துக்கொண்டு, அதற்கு மன்னர்கள், மொழிகள், சண்டைகள் என்று சேர்த்துக்கொண்டே வந்தார். நம்மில் பலரும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் செய்ததுதான். அவர் கடைசிவரை நிறுத்தவில்லை. 1951இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் இந்தியாவுக்கு வந்தார். அந்தக் காலத்தில் இஸ்லாத்தைத் தழுவி, முஹம்மது அப்துல் ரஹ்மான் பார்க்கர் ஆனார்.

திரும்பிப் போனதும் பெர்க்லியில் மொழியியல் படித்தார். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரிகன் பகுதியின் பூர்வகுடிகளான கிளமத் மக்களின் மொழி. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கணும். 1954இல் அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டு, கிளமத் மக்களைப் பழங்குடி என்று அங்கீகரிப்பதையே முடிவுக்குக் கொண்டுவந்தது. ஒரு கையெழுத்தில் ஒரு சனத்தின் நிலை மாறிப்போனது. அது திரும்பக் கிடைக்க 1986 வரை ஆனது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை அறிந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. அப்படிப்பட்ட காலத்தில் பார்க்கர் அங்கே முதியவர்களிடம் உட்கார்ந்து கதைகளைக் கேட்டு எழுதினார். 1963, 64இல் கிளமத் கதைகள், அகராதி, இலக்கணம் என்று மூன்று புத்தகங்களாக அவை வெளிவந்தன. பேசுகிறவர்கள் அருகிக்கொண்டிருந்த ஒரு மொழிக்கு இது சின்ன உதவியில்லை.

பிறகு கனடாவின் மக்கில் பல்கலைக்கழகம், இடையில் லாகூர். 1967இல் வந்த அவருடைய உருதுப் பாடநூல் பல ஆண்டுகள் வெளிநாட்டு மாணவர்களுக்கு வாசல் திறந்த புத்தகம். 1969இல் பலூச்சி மொழிக்கும் ஒரு பாடநூலை அகில் கான் மெங்கலோடு சேர்ந்து எழுதினார். 1972இல் மினசோட்டா போனார். கேலியாகப் பார்க்க முடியாத உழைப்பு இது. ஐரோப்பாவைத் தாண்டி உலகம் இருக்கு என்று தெரிந்தவர், அதன் மொழிகளை வாயில் பழகியவர்.

அந்த ஊரிலேயே ஆர்னசனும் அவருடைய நண்பர்களும் இருந்தது அதிர்ஷ்டம். ஒரு மாணவர் வழியாகப் புது விளையாட்டு பார்க்கரிடம் வந்து சேர்ந்தது. நாற்பத்தைந்து வயதை நெருங்கிய பேராசிரியர், தான் சின்ன வயதிலிருந்து சுமந்த உலகத்தை அதற்குள் இறக்கிவிடலாம் என்று கண்டுகொண்டார். 1974இலேயே விதிகளை எழுதிச் சில பிரதிகள் எடுத்தார். கைகாக்ஸின் டி.எஸ்.ஆர். நிறுவனம் 1975இல் அதை வண்ண வரைபடங்களோடு வெளியிட்டது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 10 டொலர், இது 25. விலையைக் கேட்டே பலர் ஓடியிருப்பார்கள்.

அந்த உலகத்தின் பெயர் டெக்குமெல். வரப்போகிற காலத்தில் மனிதர்கள் குடியேறிய ஒரு கோள். திடீரென்று விண்மீன்களிடமிருந்து துண்டிக்கப்பட்டு, தனி வெளிக்குள் விழுந்துவிடுகிறது. இரும்பு அங்கே அரிது. அதனால் ஒரு மிருகத்தின் தோலைப் பதப்படுத்திக் கவசம் செய்கிறார்கள். குதிரை இல்லை. வெள்ளைத் தோல் மாவீரர்களும் இல்லை. மனிதர்கள் எல்லோரும் செம்பும் பொன்னும் கலந்த பழுப்பு நிறம். பேரரசின் மொழியான சோல்யானியை முழுசாக இலக்கணத்தோடு உருவாக்கினார். அதில் உருது, பஷ்தோ, மாயன் மொழிகளின் சாயல் உண்டு. 'நீ' என்று சொல்ல மட்டும் ஏராளமான சொற்கள். எதிரில் நிற்கிறவரின் குலம், பதவி பார்த்துத்தான் வாயைத் திறக்கணும். வாடா, வாங்க, துரைங்க என்று மூன்று படிகளில் வளர்ந்த நமக்கே அது தலை சுற்றும்.

விளையாட்டாகவும் அது முன்னோடி. இருபது முகப் பகடையில் 20 விழுந்தால் அடி இரட்டிப்பாகும் என்கிற விதி, இன்று ஆடுகிற எல்லோருக்கும் பழக்கமானது. அது அச்சில் முதலில் வந்தது இந்தப் பெட்டிக்குள்தான் என்பார்கள். அப்போது மற்றவர்கள் எல்லாம் டோல்கீனின் குள்ளர்களையும் எல்ஃபுகளையும் கடன் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பார்க்கர் ஒருவர்தான் கடன் வாங்காமல் கட்டினார். 1984இல் 'த மேன் ஆஃப் கோல்ட்' என்று அதே உலகத்தை வைத்து நாவலும் எழுதினார். அவரைச் சுற்றி ஒரு கூட்டம் பல பத்தாண்டுகள் வாரம் தவறாமல் ஆடியது. பணம் பெரிதாக வரவில்லை, மரியாதை வந்தது. 2012 மார்ச்சில் இறந்தபோது, ஐரோப்பாவைப் பின்பற்றாத முதல் கற்பனை உலகத்தின் தந்தை என்று புகழ்ந்து வழியனுப்பினார்கள்.

இந்த இடத்தில் முடித்திருந்தால் நல்ல கட்டுரைதான்.

1991இல் அமெரிக்காவில் 'சர்ப்பண்ட்ஸ் வாக்' என்றொரு நாவல் வந்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் தோற்ற நாஜிகளின் எஸ்.எஸ். படை தலைமறைவாகி, பணமும் ஊடகமும் சேர்த்து, நூறு வருஷம் கழித்து உலகத்தைப் பிடிக்கிற கதை. அதில் நாஜிகள்தான் நாயகர்கள். வெளியிட்டது வெள்ளை இனவாதிகளின் பதிப்பகமான நேஷனல் வான்கார்ட் புக்ஸ். அட்டையில் ஒரு புனைபெயர் இருந்தது. 2022 மார்ச்சில், பார்க்கரின் படைப்புகளைப் பாதுகாக்கிற டெக்குமெல் அறக்கட்டளையே ஓர் அறிக்கை விட்டது: அதை எழுதியவர் பார்க்கர்தான். இதை முன்னரே சொல்லாமல் விட்டதற்கு வருத்தமும் தெரிவித்தது. 1990களில் யூதப் படுகொலையை மறுக்கிற ஒரு பத்திரிகையின் ஆலோசனைக் குழுவில் அவர் பெயர் இருந்ததும் பேசப்பட்டது. அந்தப் பெயர் அச்சில் வெளிப்படையாகவே இருந்தது. யாரும் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கிளமத் முதியவர்களிடம் உட்கார்ந்தவர். இஸ்லாத்தைத் தழுவியவர். பழுப்பு மனிதர்கள் மட்டுமே வாழ்கிற உலகத்தைக் கட்டியவர். அவரே இதையும் எழுதினார். இரண்டையும் எப்படி ஒரே தலைக்குள் வைத்திருந்தார் என்று ஆளாளுக்கு விளக்கம் சொல்கிறார்கள். ஓர் இனத்தை நேசிக்கிறவர் இன்னோர் இனத்தை வெறுக்க முடியாது என்று எந்தச் சட்டமும் இல்லை. மொழி படித்தால் மனசு விரியும் என்பது நாம சொல்லிக்கொள்கிற ஆறுதல். துரைமாரும் தமிழ் படித்தார்கள். தோட்டத்து வேலைக்கு உதவும் என்று அவர்களுக்காகவே தமிழ்க் கையேடுகள் அச்சானது. 'நில்', 'எடு', 'போ' என்று கட்டளைகளாக நிறைந்த தமிழ் அது. ஒரு மொழியை அதைப் பேசுகிறவருக்கு எதிராகவும் கற்றுக்கொள்ளலாம்.

டெக்குமெல் ரசிகர்களில் ஒரு பகுதி சொல்வது, "நாவல் வேறு, விளையாட்டு வேறு, விளையாட்டில் நாஜிக் கருத்து ஒரு சொட்டும் இல்லை." வரி வரியாகத் தேடினால் அவர்கள் சொல்வது சரியாக இருக்கலாம். நாங்கள் பார்க்கிற இடம் வேறு. அந்தப் படகுக் காட்சிக்குத் திரும்பிப் போங்கள். டெக்குமெலில் அடிமைகள் உண்டு, நரபலி உண்டு, மேல்குலம் கீழ்க்குலம் உண்டு. ஆடுகிறவர் இதற்குள் மேலே ஏறலாம். குடியுரிமை வாங்கலாம், நல்ல குலம் ஒன்றில் சேரலாம், கடைசியில் பிரபு ஆகலாம். ஏணியில் ஏற நூறு விதி இருக்கு. ஏணியை யார் வைத்தது என்று கேட்க ஒரு விதியும் இல்லை. இதை வைத்து அவரை நாஜி என்று நிறுவ முடியாது. அன்றைய விளையாட்டுகளில் பாதி இப்படித்தான் இருந்தது. ஆனால் கங்காணி ஆகலாம், கணக்கப்பிள்ளை ஆகலாம், ஆனா தோட்டம் தோட்டமாகவே இருக்கும் என்கிற ஓர் ஒழுங்கில் இருநூறு வருஷம் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இதைப் படிக்கும்போது, அந்த விதிப் புத்தகத்தின் அமைதி காதுக்குள் இரைச்சலாகக் கேட்குது.

பார்க்கர் காலத்தில் மற்றவர்கள் நம்மை என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லிடணும், இல்லாட்டி அவருக்கு அநியாயம். 1976இல் டி.எஸ்.ஆர். போட்ட ஒரு சிறுநூலில் நம்ம தெய்வங்களுக்கும் உயிர்ப் புள்ளிகள் எண்ணிப் போட்டிருந்தார்கள். எத்தனை அடி அடித்தால் சாமி சாகும் என்கிற கணக்கு. 1975இலேயே 'ராட்சசன்' என்றொரு எதிரி வந்துவிட்டான். 1977ஆம் ஆண்டின் அரக்கர் தொகுப்பில் அவனுக்குப் புலித்தலை, உடம்பில் அங்கி, கையில் புகைக்குழாய். கைகாக்ஸ் இவனை எடுத்தது இராமாயணத்திலிருந்து இல்லை, ஓர் அமெரிக்க பேய்த் தொலைக்காட்சித் தொடரிலிருந்து. நுவரெலியாவிலிருந்து கொஞ்ச தூரத்தில் சீதா எலியாவில் சீதையம்மன் கோயில் இருக்கு, எல்ல பக்கம் ராவணன் பெயரிலேயே அருவி இருக்கு. ராவணன் ஊர்க்காரங்க நாங்க இப்படி ஓர் ஆளைக் கேள்விப்பட்டதில்லை! இவற்றோடு ஒப்பிட்டால் பார்க்கர் எவ்வளவோ மேல். அவர் குறைந்தபட்சம் படித்துவிட்டு எழுதினார்.

படித்துவிட்டு எழுதுகிறவருக்கும் உள்ளிருந்து எழுதுகிறவருக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைக் கடக்க இந்தத் துறைக்கு இன்னும் நாற்பத்தைந்து வருஷம் ஆனது. 2021இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 'ராவன்லாஃப்ட்' நூலில் 'கலாகேரி' என்கிற தெற்காசியச் சாயல் உள்ள நாட்டை எழுதியவர் அஜித் ஜார்ஜ். அமெரிக்காவில் வாழும் இந்திய வம்சாவளி. அவருடைய இன்னொரு வேலையும் நமக்கு நெருக்கமானது. தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்காக 1997இல் தொடங்கிய சாந்தி பவன் பள்ளியோடு பல ஆண்டுகள் வேலை செய்தவர். அங்கே படிக்கிறவர்களில் மிகப் பலர் தலித் வீட்டுப் பிள்ளைகள். 2022இல் அவரும் வெஸ்லி ஷ்னைடரும் சேர்ந்து தலைமையேற்று 'ஜேர்னீஸ் த்ரூ த ரேடியன்ட் சிடடல்' என்கிற நூலைக் கொண்டுவந்தார்கள். பதின்மூன்று சாகசக் கதைகள். எழுதியவர்கள் எல்லோரும் கறுப்பின, பழுப்பின எழுத்தாளர்கள். அந்த விளையாட்டின் வரலாற்றில் அப்படி ஒரு புத்தகம் அதுக்கு முன்னாடி இல்லை.

அதில் ஒன்றை எழுதியவர் கொல்கத்தாவைச் சேர்ந்த தலித் எழுத்தாளர் மிமி மொண்டல். 2018இல் ஹ்யூகோ விருதின் இறுதிப் பட்டியலில் வந்தவர். அவர் கட்டிய நாடு சங்கபூமி. வங்காளத்தின் ஆறும் வெள்ளமும் காடும் அதற்குள் இருக்கு. மாயாஜாலத்துக்கும் குறைவில்லை. ஆனால் வெள்ளம் வந்தால் யார் வீடு முதலில் போகும் என்று தெரிந்த ஓர் ஆளின் கை அதில் பட்டிருப்பது தெரியும். மீரியபெத்த மண்சரிவில் 2014இல் புதைந்தது துரை பங்களா இல்லை, லயங்கள் என்று தெரிந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று பிடிபடும்.

பார்க்கரின் புத்தகத்தைத் தூக்கிப் போடணுமா என்று எங்களுக்குள் பேசினோம். போடவேண்டாம் என்றுதான் பெரும்பாலோர் சொன்னார்கள். விதி எழுதுவது எப்படி என்று அவரிடம் கற்க நிறைய இருக்கு. விதி என்பது எவ்வளவு பெரிய கருத்து என்றும் அவரிடம்தான் தெளிவாகத் தெரியுது. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். இது ஒரு விதி. யாரோ ஒருவர் ஒரு மேசையில் உட்கார்ந்து எழுதியது. வேறு யாரோ குனிந்து ஆடியது.

இந்த வருஷம் நாங்களும் ஒன்று எழுதிப் பார்க்கிறோம். பெரிசா ஒன்றும் இல்லை, பத்துப் பக்கம், ஹட்டன் பக்கம் ஒரு கற்பனைத் தோட்டம், சாதாரண தாயக்கட்டையே போதும். அரைப்பேர் விதியை அப்படியே வைப்பதா என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை சண்டை போனது. வைத்தால் ஆடுகிறவர் மறுபடி அதே வேதனையைச் சுமக்கணும். எடுத்தால் பொய்யாகிவிடும். ஒரு தங்கச்சி சொன்ன யோசனை இப்போதைக்கு நிற்குது. விதி இருக்கட்டும், ஆனா மேசையில் இருக்கிற எல்லோரும் சேர்ந்து ஒரே நேரத்தில் கட்டையைக் கீழே வைத்துவிட்டால் அந்த விதி அன்றைக்குச் செல்லாது. ஒருவர் வைக்காவிட்டாலும் செல்லும். போன வாரம் ஆடிப் பார்த்தோம். நாலு பேர் வைத்தார்கள். ஐந்தாவது ஆள் கட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார்.